பல்லாவரத்தில் எழுந்த வானூர்தி

நுழையும்முன்

பறக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் பழையது. அதை மரத்திலும் துணியிலும் இரும்பிலும் வடித்துக் காட்டியவர்கள் அரசர்களோ பெரும்படைத் தலைவர்களோ அல்லர். மிதிவண்டி பழுதுபார்த்தவர், விளக்கு விற்றவர், விடுதி நடத்தியவர் என எளிய தொழில்களைச் செய்தவர்களே அவர்கள். சென்னை நகரில் விருந்துணவும் இனிப்பும் செய்து புகழ்பெற்ற ஒருவர், 1910ஆம் ஆண்டில் தாமே வடிவமைத்த வானூர்தியில் பல்லாவரத்து மண்ணைவிட்டு மேலெழுந்தார். அவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். அவருடைய வாழ்க்கை, ஒரு செயலை எங்கிருந்து தொடங்குவது என்னும் கேள்விக்கு விடையாக அமைகிறது.

மயிற்பொறியும் பருத்தித் துணியும்

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிற்றூர் திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி என்று போற்றப்படும் அவ்வூரில் பல்லவர் காலத்தைச் சேர்ந்த சந்திரப்பிரபர் கோயிலும், வர்த்தமானர் எழுந்தருளியுள்ள திரைலோக்கியநாதர் கோயிலும் உள்ளன. விசயநகர அரசின் அமைச்சர் இருகப்பர் 1387ஆம் ஆண்டில் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் மேல்தளத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஊரின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. சுற்றிலும் தறியோசை கேட்கும் நெசவு நாடு அது.

இவ்வூரில் தழைத்த சமண நெறியே தமிழுக்குச் சீவக சிந்தாமணியைத் தந்தது. திருத்தக்கதேவர் இயற்றிய அக்காப்பியத்தில், ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன் தன் மனைவி விசயையைக் காக்கும்பொருட்டு மயில் வடிவிலான பறக்கும் பொறி ஒன்றைச் செய்விக்கிறான். விசயை அதை இயக்கும் முறையை முன்னரே பழகிக்கொள்கிறாள். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகையிடப்பட்டபோது, கருவுற்றிருந்த அரசி அப்பொறியில் ஏறித் தப்புகிறாள். அது அவளைச் சுடுகாட்டில் கொண்டு சேர்க்கிறது. அங்கே சீவகன் பிறக்கிறான்.

மயிற்பொறி புலவரின் கற்பனை. ஆயினும் அக்கற்பனையில் இரண்டு உண்மைகள் பொதிந்துள்ளன. பறக்கும் பொறியைச் செய்வதற்குக் கைத்தொழில் அறிந்தவர் வேண்டும் என்பது ஒன்று. பொறி இருந்தால் மட்டும் போதாது, அதை இயக்கப் பழகியிருக்கவும் வேண்டும் என்பது மற்றொன்று. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் உண்மையான வானூர்திகள் தோன்றியபோது, இவ்விரண்டையும் உணர்ந்தவர்களே பறந்தனர். அவ்வூர்திகளின் இறக்கைகளைப் போர்த்தியிருந்ததும் பெரும்பாலும் நெய்த துணியே.

காஞ்சிப் பல்லவர்களின் பெயரைத் தாங்கிய பல்லவபுரமே இன்றைய பல்லாவரம். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று அங்குள்ள குன்றில் உண்டு. சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த அவ்வூரில்தான் காப்பியத்தின் கனவு, ஒரு விடுதி உரிமையாளரின் கையால் நனவாயிற்று.

கடல் கடந்து வந்தவர்

ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறியவர். உணவுத் தொழிலே அவருடைய தொழில். மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் கொண்டு ஐரோப்பிய இனிப்பு வகைகளைச் செய்வதிலும், பெரிய விருந்துகளை ஒழுங்குபடுத்துவதிலும் அவர் தேர்ந்தவராக விளங்கினார். சென்னை மாகாண ஆளுநரின் விருந்துகளுக்கு உணவு ஏற்பாடு செய்யும் அளவுக்கு அவருடைய பெயர் உயர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் சாலையில் அவர் பெயரிலேயே ஒரு விடுதி எழுந்தது. இன்று அண்ணா சாலை என வழங்கும் அச்சாலை, அந்நாளில் ஐரோப்பிய வணிகர்களின் கடைகளும் குதிரை வண்டிப் பட்டறைகளும் அணிவகுத்த நகரின் முதன்மைத் தெருவாக இருந்தது. டி ஏஞ்சலிஸ் விடுதி, தென்னிந்தியாவின் சிறந்த விடுதிகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. மின்தூக்கி, மின்விசிறி, வெந்நீர் வசதி, பனிக்கட்டி செய்யும் பொறி முதலான புதுமைகள் அங்கு இடம்பெற்றன.

மின்சாரமே புதுமையாக இருந்த காலம் அது. அத்தகைய காலத்தில் தம் விடுதியில் இத்தனை பொறிகளை நிறுவி, அவற்றை நாள்தோறும் தவறாது இயங்கச் செய்வது எளிய செயலன்று. பழுதானால் உடனே சீர்செய்ய ஆள் வேண்டும். எந்த வேலைக்கு எந்தப் பட்டறையை நாடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். டி ஏஞ்சலிஸ் பொறியியல் கற்றவராக அறியப்பட்டவர் அல்லர். ஆனால் புதிய பொறியைக் கண்டு அஞ்சாத மனமும், அதை ஏற்றுப் பயன்படுத்தும் துணிவும் அவரிடம் இருந்தன. வானூர்தி முயற்சிக்கு முன்பே அவருடைய தொழிலில் இக்குணம் வெளிப்பட்டுவிட்டது.

வானை நோக்கிய படிகள்

டி ஏஞ்சலிசின் முயற்சியை அளந்தறிய, அக்காலத்து உலகில் பறத்தல் எந்நிலையில் இருந்தது என்பதை அறிதல் வேண்டும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியந்தால், பறவையின் இறக்கையை ஆராய்ந்து, பொறியில்லாத சறுக்கூர்திகளைச் செய்தார். குன்றிலிருந்து ஓடிவந்து காற்றில் சறுக்கி ஏறத்தாழ ஈராயிரம் முறை பறந்தார். 1896ஆம் ஆண்டில் ஊர்தி கவிழ்ந்து உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள், அமெரிக்காவில் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்திய வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார் இருவரையும் தூண்டின.

ரைட் உடன்பிறந்தார் நேராகப் பொறி பூட்டிய ஊர்தியில் ஏறிவிடவில்லை. 1899இல் காற்றாடி ஒன்றைச் செய்து சோதித்தனர். 1900, 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சறுக்கூர்திகளைச் செய்தனர். எதிர்பார்த்த அளவு தூக்குவிசை கிடைக்காதபோது, சிறிய காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து ஏறக்குறைய 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். சறுக்கூர்தியில் நூற்றுக்கணக்கான முறை பறந்து, ஊர்தியைத் தம் கட்டுக்குள் வைத்திருக்கப் பழகினர். அதன் பின்னரே பொறியைப் பற்றி எண்ணினர். தகுந்த பொறி விலைக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய கடையில் பணிபுரிந்த சார்லி டெய்லர் என்னும் கைவினைஞர் ஏறத்தாழ ஆறு வாரங்களில் 12 குதிரைத்திறன் கொண்ட பொறியைச் செய்துகொடுத்தார். இறக்கைகளுக்கு வெளுக்காத பருத்தித் துணியைத் தைத்துப் போர்த்தினர்.

1903 டிசம்பர் 17ஆம் நாள் அவ்வூர்தி முதன்முதலாக மேலெழுந்தது. முதல் பறப்பு 12 நொடிகளே நீடித்தது; கடந்த தொலைவு 120 அடி. அன்று நிகழ்ந்த நான்காவது பறப்பு 59 நொடிகள் நீடித்து 852 அடியைக் கடந்தது.

பிரான்சு நாட்டவரான லூயி பிளேரியோ, மகிழுந்து விளக்குகளைச் செய்து விற்றுப் பொருளீட்டியவர். ஈட்டிய செல்வத்தை வானூர்தி முயற்சிகளில் செலவிட்டார். ஊர்திகள் பல உடைந்தன. அவர் பலமுறை காயமுற்றார். அவர் செய்த பதினோராம் வகை ஊர்தி 25 குதிரைத்திறன் பொறியுடன், 1909 சூலை 25ஆம் நாள் பிரான்சின் கலேயிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 37 நிமிடங்களில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து டோவரில் இறங்கியது. இச்செய்தி தந்தி வழியே உலகெங்கும் பரவியது. உலகம் வியப்பில் ஆழ்ந்தது.

சென்னையில் மவுண்ட் சாலை விடுதியில் இருந்த டி ஏஞ்சலிசையும் அச்செய்தி ஆட்கொண்டது. பலர் செய்தித்தாளைப் படித்து வியந்தனர். அவரோ ஊர்தியைச் செய்யவே முற்பட்டார்.

தொடங்குதல் என்னும் துணிவு

அந்நாளில் வானூர்தி செய்வதென்பது உயிரைப் பணயம் வைக்கும் முயற்சி. 1908இல் ஆர்வில் ரைட் ஓட்டிய ஊர்தி விழுந்து, உடன் சென்ற படை அதிகாரி தாமஸ் செல்பிரிட்ஜ் இறந்தார். ஆர்வில் படுகாயமடைந்தார். 1909 செப்டம்பரில் பிரான்சில் வானோட்டிகள் இருவர் அடுத்தடுத்து மாண்டனர். பிளேரியோவின் வெற்றிச் செய்தி வந்த வழியிலேயே இத்துயரச் செய்திகளும் உலகை வந்தடைந்தன.

டி ஏஞ்சலிசுக்கு நிலைபெற்ற தொழில் இருந்தது, நற்பெயர் இருந்தது. பறந்து புகழ்பெற வேண்டிய தேவை அவருக்கு இல்லை. தோற்றால் பொருளும் பெயரும் போகும். விழுந்தால் உயிரே போகும். மேலும், ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளிவதற்கு அருகில் எவருமில்லை. பாரிசில் வாழ்ந்த ஒருவர் பிளேரியோவின் பட்டறைக்குச் சென்று பார்க்கலாம். பறக்கப் பயிற்சி தரும் பள்ளியில் சேரலாம். சென்னையில் அத்தகைய வாய்ப்பு எதுவும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வரும் இதழ்களும் படங்களும் கப்பலில் பல நாள் பயணம் செய்தே சென்னையை அடைந்தன.

ஐரோப்பாவில் செய்த ஊர்தியை விலைக்கு வாங்கிக் கப்பலில் தருவித்தல் ஒரு வழி. பின்னாளில் இந்தியாவிற்குப் பறந்து காட்ட வந்தவர்கள் அவ்வழியையே மேற்கொண்டனர். டி ஏஞ்சலிஸ் தேர்ந்தது வேறு வழி. ஊர்தியின் வடிவத்தைத் தாமே வகுத்தார். அதைச் செய்துதரக்கூடிய கைகள் சென்னையிலேயே உண்டு என்று நம்பினார்.

வண்டிப் பட்டறையில் விளைந்த இறக்கை

அக்கைகள் சிம்சன் நிறுவனத்தில் இருந்தன. 1840ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் குதிரை வண்டிகளைச் செய்வதில் பெயர்பெற்றது. ஆளுநர்களும் அரசர்களும் ஏறிச்சென்ற சாரட்டு வண்டிகள் அதன் பட்டறையில் உருவாயின. காலம் மாறியபோது பட்டறையும் மாறியது. 1903ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் இயங்கும் மகிழுந்து ஒன்றைச் செய்து சென்னைத் தெருக்களில் ஓடவிட்டார்.

வானூர்தி செய்யக் குதிரை வண்டிப் பட்டறையை நாடியது பொருத்தமான தேர்வு ஆகும். நல்ல சாரட்டு வண்டிக்கு இரண்டு பண்புகள் தேவை. அது வலிமையாக இருக்க வேண்டும். அதேவேளையில் குதிரைக்குச் சுமையாகாதபடி எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும். வானூர்திக்கும் இவையே தேவை. எந்த மரம் வளைந்துகொடுக்கும், எது பிளக்கும், எந்த இணைப்பு அதிர்வைத் தாங்கும், துணியைச் சுருக்கமின்றி எவ்வாறு இழுத்துப் பொருத்துவது என்பன வண்டித் தச்சருக்குக் கைவந்த செய்திகள். அவர்கள் வானூர்தி செய்து பழகியவர் அல்லர். எனினும் வானூர்திக்கு வேண்டிய திறன்களுள் பெரும்பாலானவை அவர்கள் கைகளில் ஏற்கெனவே இருந்தன.

டி ஏஞ்சலிஸ் வகுத்த வடிவத்தின்படி அங்கே இரட்டைத்தள வானூர்தி ஒன்று உருவாயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைத் தளங்களை அமைத்து, நடுவே மரத்தூண்களை நிறுத்தி, கம்பிகளைக் குறுக்காக இழுத்துக் கட்டும் முறையே இரட்டைத்தள அமைப்பு. பாலத்தின் சட்டகம் போன்ற இக்கட்டமைப்பு, குறைந்த எடையில் மிகுந்த உறுதியைத் தரும். ரைட் உடன்பிறந்தாரின் ஊர்தியும் இத்தகையதே. அவ்வூர்தியில் குறைந்த குதிரைத்திறன் கொண்ட சிறிய பொறி ஒன்று பூட்டப்பட்டது.

சிம்சன் பட்டறையில் அவ்வூர்திக்கு மரம் இழைத்தவர்கள், துணி தைத்தவர்கள், கம்பி முறுக்கியவர்கள் ஆகியோரின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெறவில்லை. ஆயினும் டி ஏஞ்சலிசின் உயிரைத் தாங்கிய ஒவ்வோர் இணைப்பும் அவர்களுடைய கைவேலை. அவருடைய துணிவைப் போற்றும்போது அவர்களுடைய நேர்த்தியையும் சேர்த்தே போற்றுதல் வேண்டும்.

பறத்தலின் நுட்பம்

வானூர்தியின்மீது நான்கு விசைகள் செயற்படுகின்றன. எடை அதைக் கீழே இழுக்கிறது. இறக்கையின்மீது பாயும் காற்று தூக்குவிசையை உண்டாக்குகிறது. சுழல்விசிறி ஊர்தியை முன்னே உந்துகிறது. காற்றின் தடை அதைப் பின்னே இழுக்கிறது. தூக்குவிசை எடையை விஞ்சினால்தான் ஊர்தி எழும். அத்தூக்குவிசை கிடைக்க, ஊர்தி தரையில் போதிய விரைவுடன் ஓட வேண்டும்.

பொறி சிறியதாயின் விரைவு குறையும். எனவே ஊர்தியின் எடையைக் குறைத்தாக வேண்டும். எடையைக் குறைக்க மரத்தை மெலிதாக்கினால் உறுதி குறையும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் இந்நிலையில், சரியான அளவைக் கண்டறிவதே வடிவமைப்பாளரின் பணி.

சென்னையின் வெப்பமும் ஒரு தடையாகும். வெப்பம் மிகுந்த காற்று அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசை குறையும். பொறியின் திறனும் குறையும். குளிர்ந்த ஐரோப்பியக் காற்றில் எளிதாக எழும் ஊர்தி, சென்னையின் பங்குனி வெயிலில் எழுவதற்குக் கூடுதல் விரைவை நாடும். கடற்கரை நகரின் ஈரக்காற்று மரத்தையும் துணியையும் பசையையும் தளர்த்தும். ஐரோப்பிய முன்னோடிகள் எதிர்கொள்ளாத இத்தடைகளைச் சென்னையில் பறக்க எண்ணியவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

எழுந்தபின் ஊர்தியைக் கட்டுப்படுத்துவது அதனினும் கடினம். படகு இடமும் வலமும் திரும்பினால் போதும். வானூர்தி மூக்கை ஏற்றி இறக்கவும், இடவலமாகத் திரும்பவும், பக்கவாட்டில் சாய்ந்து நிமிரவும் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே ஆளக் கற்பதற்கே ரைட் உடன்பிறந்தாருக்குப் பல ஆண்டுகள் ஆயின. விசயை மயிற்பொறியைப் பழகியதுபோல் முன்கூட்டிப் பழகுதற்கு டி ஏஞ்சலிசுக்கு ஆசிரியரும் இல்லை. வேறு ஊர்தியும் இல்லை. தாம் செய்வித்த ஊர்தியே அவருக்குப் பள்ளியாக அமைந்தது.

பல்லாவரம், 1910

ஊர்தியைச் சோதிக்க டி ஏஞ்சலிஸ் பல்லாவரத்தைத் தேர்ந்தார். சென்னை நகரின் வீடுகளும் மரங்களும் மின்கம்பங்களும் நெருங்கிய பகுதிகள் அதற்கு ஏற்றவையல்ல. நகருக்குத் தெற்கே, படைவீரர் குடியிருப்பு அமைந்திருந்த பல்லாவரத்தில் திறந்த சமவெளி இருந்தது. ஓடித் தடுமாறினாலும் மோதுவதற்கு எதுவுமில்லாத வெளியே புதிய வானோட்டிக்கு முதல் தேவை.

1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அச்சமவெளியில் டி ஏஞ்சலிசின் ஊர்தி மண்ணைவிட்டு எழுந்தது. பிளேரியோ கால்வாயைக் கடந்து எட்டுத் திங்கள்கூட நிறைவுறவில்லை. அதற்குள் சென்னையில் வடிவமைத்து, சென்னையில் செய்த வானூர்தி ஒன்று சென்னைக்கு அருகிலேயே பறந்தது.

காலத்தால் இதன் சிறப்பை எளிதில் உணரலாம். அதே மார்ச்சுத் திங்களில் ஆஸ்திரேலியாவில் மாயவித்தைக் கலைஞர் ஹூடினி பறந்து புகழ்பெற்றார். அவர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுசென்ற ஊர்தியில் பறந்தார். சப்பானில் முதல் வானூர்திப் பறப்பு அவ்வாண்டு டிசம்பரில்தான் நிகழ்ந்தது. இந்தியாவில் மட்டுமன்றி ஆசியாவிலேயே தொடக்ககாலப் பறப்புகளுள் ஒன்றாகப் பல்லாவரத்துப் பறப்பு கருதப்படுகிறது.

பல்லாவரத்துச் சோதனைக்குப் பின்னர் டி ஏஞ்சலிஸ் சென்னைத் தீவுத்திடலில் பொதுமக்கள் காண வானூர்தியைக் காட்சிப்படுத்தினார். கட்டணம் செலுத்தி மக்கள் திரண்டனர். விருந்தினரை மகிழ்விப்பதைத் தொழிலாகக் கொண்டவர், இம்முறை நகர மக்கள் அனைவரையும் ஒரு புதிய காட்சிக்கு அழைத்தார். காற்றாடியையும் பறவையையும் மட்டுமே வானில் கண்டு பழகிய கண்கள், மனிதன் செய்த இறக்கைகளை அருகிருந்து கண்டன.

நினைவும் மறதியும்

1911 பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்தில் ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு வானோட்டி, ஏறத்தாழ 6500 மடல்களைச் சுமந்துகொண்டு யமுனை ஆற்றைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரப்பூர்வ வானஞ்சல் அதுவே. இந்திய வான்பயண வரலாற்றை எழுதுவோர் பலரும் அந்நிகழ்விலிருந்தே தொடங்குவர். அதன் சிறப்பு மறுக்க இயலாதது. ஆனால் அந்த ஊர்தி கப்பலில் வந்தது. ஓட்டியவரும் பறந்து காட்டுவதற்கென்றே வந்தவர். அதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே, இந்நகரில் தொழில் நடத்தி வாழ்ந்த ஒருவர், இந்நகரத்துப் பட்டறையில் செய்வித்த ஊர்தியில் பறந்துவிட்டார் என்பது பரவலாக அறியப்படவில்லை.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. அலகாபாத் பறப்பு அஞ்சல் துறையின் முத்திரையோடு நிகழ்ந்தது. அம்முத்திரை பதிந்த உறைகளை மக்கள் பாதுகாத்தனர். பல்லாவரத்துப் பறப்பு தனிமனிதர் ஒருவரின் முயற்சி. அதைத் தொடர்ந்து தொழிற்சாலையோ பயிற்சிப் பள்ளியோ தோன்றவில்லை. மவுண்ட் சாலை விடுதியும் பின்னாளில் கைமாறிப் பொசோட்டோ விடுதி என்னும் பெயரைப் பெற்றது. முயற்சி பெரிதாயினும், அதைத் தொடர்ந்து நடத்தும் நிறுவனம் இல்லாதபோது நினைவு மங்கிப்போகிறது.

ஆயினும் வான்வழி அம்மண்ணை மறக்கவில்லை. 1932 அக்டோபர் 15ஆம் நாள் கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா சிறிய வானூர்தியில் அஞ்சலை ஏற்றிக்கொண்டு மும்பையை அடைந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பல்லாவரத்தை அடுத்த மீனம்பாக்கத்தில் வளர்ந்த வானூர்தி நிலையம், இன்று நாட்டின் பெரிய நிலையங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. பல்லாவரத்துக் குன்றுகளின் அருகே நாள்தோறும் நூற்றுக்கணக்கான வானூர்திகள் எழுந்தும் இறங்கியும் செல்கின்றன.

டி ஏஞ்சலிஸ் வானூர்தியைக் கண்டுபிடித்தவர் அல்லர். நெடுந்தொலைவு பறந்து வென்றவரும் அல்லர். ஆனால் தொலைதூரத்தில் நிகழ்ந்த ஒரு புதுமையைக் கேட்டு வியந்து நின்றுவிடாமல், அதைத் தாம் வாழ்ந்த ஊரில், அவ்வூரில் கிடைத்த மரத்தையும் கைத்திறனையும் நம்பித் தொடங்கினார். தமக்குத் தெரியாததைத் தெரிந்த கைகளிடம் ஒப்படைத்தார். உயிருக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் தாமே முன்சென்று அமர்ந்தார்.

மயிற்பொறியைக் கற்பனை செய்த நாட்டில், வண்டிப் பட்டறை ஒன்று வானூர்தியைச் செய்தளித்தது. கருவிகளும் கைத்திறனும் பெரும்பாலும் அருகிலேயே காத்திருக்கின்றன. தொடங்கும் மனமே அரிது. அந்த மனம் வாய்க்கப்பெற்ற ஒருவரைப் பல்லாவரத்துச் சமவெளி 1910ஆம் ஆண்டின் வேனிலில் கண்டது.

தெரிந்து தெளிவோம்

வீட்டிலும் சிறு பட்டறையிலும் தாமே வானூர்தி செய்து பறக்கும் வழக்கத்துக்கு வித்திட்டவருள் ஒருவர் பிரேசில் நாட்டைச் சேர்ந்த ஆல்பெர்ட்டோ சாண்டோஸ் துமோன். பாரிசில் வாழ்ந்த அவர் தெமுவாசெல் என்னும் மிகச்சிறிய வானூர்தியை உருவாக்கினார். மூங்கிலையும் துணியையும் கொண்டு அமைந்த அதன் வடிவத்துக்கு அவர் காப்புரிமை கோரவில்லை. விரும்பியவர் எவரும் அதைப் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இவ்வூர்தியின் வரைபடங்கள் 1910ஆம் ஆண்டில் அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்தன.